ஸ்ட்ராபெரி படம் போட்ட பாட்டில்

மாஸ்டருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேக்கரியில் பதினாறு வருஷமாக யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் மூக்கு மாஸ்டர். முகத்தில் மற்றதெல்லாம் அளவாகத்தான் இருக்கும். மூக்குக்கு மட்டும் ஆண்டவன் மாவைத் தாராளமாக எடுத்துவிட்டான். அந்த மூக்கை வைத்துக்கொண்டு மாஸ்டர் அடிக்கும் ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஓவனைத் திறக்காமலே, பத்தடி தள்ளி நின்றபடி, "மூணாவது தட்டுல இடது மூலை கருகுது, எடுங்க" என்பார். எடுத்துப் பார்த்தால் அந்த மூலை மட்டும் சிவப்பைத் தாண்டிக் கறுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். புதுச் சரக்கு எது வந்தாலும் முதலாளியே அதை முதலில் அந்த மூக்குக்கு முன்னால்தான் கொண்டுவந்து நீட்டுவார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் இரண்டு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது.

ஒன்று, பெயர் எழுதாத டப்பா. பேக்கரியில் ஒரு சிட்டிகை உப்பாக இருந்தாலும் அது இருக்கும் டப்பாவில் காகிதம் ஒட்டி, என்ன, என்றைக்குப் பிரித்தது என்று எழுதியிருக்க வேண்டும். இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தரை கழுவும் பொடியை எவனோ ஒருவன் பழைய டப்பாவில் கொட்டிச் சர்க்கரைப் பொடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அது எண்பது பன்னின் மேல் தூவப்பட்டது. முதல் பன்னைக் கடித்தவர் மாஸ்டர். நாக்கு வெந்து மூன்று நாள் வெறும் பாலைக் குடித்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பெரிய மூக்கு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்கத் துணிந்ததில்லை.

இரண்டாவது, தைலம். மாவும் வெண்ணெயும் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். காலையில் யாராவது தலைவலி என்று நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொண்டு வந்தால் போதும், வாசலிலேயே பிடித்துவிடுவார். "போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. கேக் வாங்க வர்றவங்க வீட்ல யாருக்கும் சுளுக்கு இல்ல" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே தைலம் இல்லாமல் உயிர் வாழ முடியாத ஆள் அவர்தான். மாவு பிசைய மெஷின் இருக்கிறது. ஆனாலும் கடைசிப் பத்து நிமிஷம் தன் கைதான் பிசைய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பதினாறு வருஷப் பிடிவாதம் வலது தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே இருக்கும் தட்டை எடுக்கக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதற்காக மேல் தட்டை வேறு யாரும் எடுக்கவும் விடமாட்டார்.

ஆகவே தைலம் வீட்டில். மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து, குளித்து, ஜன்னல் ஓரத்து நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளில் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் அடுப்படியில் மனைவி தேநீர் போட்டுக்கொண்டிருப்பாள். அவர் மடியில் சுண்டெலி உட்கார்ந்திருக்கும்.

சுண்டெலி அவருடைய மகள். மூன்று வயதுக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி. பேக்கரியிலிருந்து அப்பா வந்ததும் அவருடைய பை, சட்டைப் பாக்கெட், கைவிரல் எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும் என்பதால் அந்தப் பெயர். அப்பனுடைய மூக்கு அப்படியே இறங்கியிருக்கிறது என்று மாஸ்டருக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையில் ஒரு விளையாட்டை ஆரம்பித்துவைத்தார்.

கேக்குக்கு ஊற்றும் எசன்ஸ் சின்னச் சின்னப் பாட்டில்களில் வரும். சுண்டுவிரல் உயரம், மேலே ஒரு பழத்தின் படம், சொட்டுச் சொட்டாக விழும் குறுகிய கழுத்து. காலியான பாட்டில்களையும், அடியில் கொஞ்சம் மிச்சம் இருப்பவற்றையும் அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். குழந்தையின் கண்ணை ஒரு கையால் பொத்தி, பாட்டிலை மூக்கருகே நீட்டி, "இது என்ன?" என்பார்.

"பைனாப்பி!"

"இது?"

"ஆஞ்சு!"

சரியாகச் சொன்னால் பாட்டிலைத் தன் விரல் நுனியில் தட்டி, அடியில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டை அதன் நாக்கில் வைப்பார். அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு சப்புக்கொட்டும். பிறகு வாயை ஆவென்று திறந்துகொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். பாட்டில்கள் ஜன்னல் திண்டில் வரிசையாக நிற்கும். வேறு பொம்மை எதையும் அது தேடியதில்லை.

"பாட்டில் எதப் பாத்தாலும் வாய்ல வைக்கப்போறா. பழக்காதீங்க" என்று மனைவி ஒரு நாள் சொன்னாள்.

"இது எல்லாம் திங்கிற சாமான். கெட்டுப்போற பொருளையா குடுக்கிறேன்? இவள நான் மாஸ்டர் ஆக்காம விடமாட்டேன்."

அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய தைலம் தீர்ந்து, புதிதாக ஒரு பெரிய பாட்டில் வாங்கி வந்தார். அதன் மூடி வேறு மாதிரி. சும்மா திருகினால் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. கீழே அமுக்கிக்கொண்டு திருக வேண்டும். வலது கையால் அமுக்கினால் தோளில் குத்துகிறது, இடது கையில் அந்த லாவகம் இல்லை. "எந்த மடையன் செஞ்ச மூடி இது? வலிக்கிறவன் வாங்குற மருந்த வலிக்காதவன்தான் திறக்க முடியும் போல" என்று திட்டிக்கொண்டே ஒரு வழியாகத் திறந்தார். தினமும் இந்த மல்லுக்கட்டு எதற்கு என்று, ஜன்னலில் இருந்த ஸ்ட்ராபெரி எசன்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் தைலத்தை ஊற்றிக்கொண்டார். சாதாரண மூடி. சொட்டுக்கூடச் சிந்தாமல் உள்ளங்கையில் விழுந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு பெரிய பாட்டிலைப் பரண்மேல் போட்டார். சின்னதைக் கைக்கு எட்டுகிற மாதிரி ஜன்னலிலேயே வைத்தார். வரிசையில் மற்றவற்றோடு அதுவும் நின்றது.

மனைவி அப்போது கடைக்குப் போயிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெயர் எழுதி ஒட்டவும் தோன்றவில்லை. வீட்டில் போய் யார் டப்பாவுக்குப் பெயர் எழுதுகிறார்கள்?

வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. மாஸ்டர் கை முழுக்க மாவு. கிரீம் அக்காதான் போனை எடுத்து அவர் காதில் வைத்தாள். கேக்குக்குக் கிரீம் பூசிப் பூ வைக்கும் பெண்மணி. மாஸ்டரை எதிர்த்துப் பேச அந்தப் பேக்கரியில் தைரியம் உள்ள ஒரே ஆள்.

மறுமுனையில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணு பண்ணியிருக்கிற வேலையக் கேளுங்க. நாற்காலில ஏறி உங்க எசன்ஸ எடுத்துக் குடிச்சிருக்கா. பாட்டிலப் பிடிச்சிக்கிட்டு மூஞ்சிய அஷ்டகோணலா வச்சிக்கிட்டு நிக்கிறா."

"எது? என்ன படம் போட்டது?"

"ஸ்ட்ராபெரி. உடம்பெல்லாம் ஊத்திக்கிட்டா. ஒண்ணும் பண்ணாதுல்ல?"

மாஸ்டரும் சிரித்தார். "தண்ணி கலக்காத எசன்ஸ்ல, காரமாத்தான் இருக்கும். ரெண்டு வாய் தண்ணி குடு. ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாது. அந்த இரண்டு வார்த்தையை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னார். அந்த ஜன்னலில் ஸ்ட்ராபெரிப் பாட்டில் மூன்று இருந்தது. வீட்டில் எப்போதும் தைல நெடி அடித்துக்கொண்டே இருப்பதால் மனைவிக்கு மூக்கில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. அவர் மூக்கோ மூன்று மைல் தள்ளி இருந்தது.

போனை வைத்ததும் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தார். "இப்பவே டேஸ்ட் பாக்க ஆரம்பிச்சிட்டா பாருங்க" என்று பீற்றிக்கொண்டார். நாற்பது பன் உருட்டினார். ஒரு தட்டை இறக்கினார். பதினொன்று நாற்பது இருக்கும், கிரீம் அக்காவின் மேஜையில் ஒரு டப்பா அவர் கண்ணில் பட்டது. உள்ளே வெள்ளைப் பொடி. வெளியே காகிதம் இல்லை.

"இது என்ன?"

"சர்க்கரைப் பொடி, மாஸ்டர். வேற என்ன இருக்கப்போகுது? காகிதம் தீந்துபோச்சு."

வந்துவிட்டது அவருக்கு. "எத்தன தடவ சொல்றது? இது சர்க்கரன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தெரியாத ஒருத்தர் வந்து எடுத்தா? பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு எடுத்து வாய்ல..."

வாய் அப்படியே நின்றது.

கிரீம் அக்கா அவரையே பார்த்தாள். திட்டுவதற்குத் தூக்கிய விரல் தூக்கியபடியே இருந்தது.

"என்ன மாஸ்டர்?"

"தைலம்" என்றார். "அது எசன்ஸ் இல்ல. தைலம்."

போனை எடுத்தார். மாவு ஒட்டிய விரலுக்குத் திரை அசைந்து கொடுக்கவில்லை. கிரீம் அக்கா பிடுங்கி அழுத்திக் கொடுத்தாள். ஐந்தாவது மணியில்தான் மனைவி எடுத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. இப்பத்தான் கண் அசந்திருக்கா."

"எழுப்பு!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "எழுப்பு அவள! தூங்க விடாத. அது தைலம். நான்தான் ஊத்தி வச்சேன். என் தோள் தைலம்!"

மறுமுனையில் ஒரு சின்னக் குரல், "நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?"

பன் கொண்டுபோகும் வேன் வாசலில் நின்றது. வேன்காரர் பாதி ஏற்றிய தட்டுகளை அப்படியே இறக்கித் தரையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். மாஸ்டர் பாய்ந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். மேலங்கியைக் கழற்றவில்லை. செருப்பு மாட்டவில்லை. வழியில் மனைவி மறுபடி கூப்பிட்டாள்: மேல் வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து நிற்கிறாள், கொடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா?

மாஸ்டர் அதை அப்படியே வேன்காரரிடம் திருப்பிச் சொன்னார். வேன்காரர் ஸ்டியரிங்கை விடாமல் கத்தினார்: "ஒண்ணும் குடுக்க வேணாம்னு சொல்லுங்க! என் தங்கச்சி பையன் மண்ணெண்ணெய் குடிச்சப்ப இப்படித்தான் வாந்தி எடுக்க வச்சோம். டாக்டர் எங்கள அடிக்காத குறைதான். பாட்டில மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்க."

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவிலேயே நின்றாள். ஒரு கையில் அந்தப் பாட்டில். வேன் நிற்கும் முன்பே மாஸ்டர் குதித்துப் போய்க் குழந்தையை வாங்கினார். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆனால் நெற்றியெல்லாம் வேர்வை. ஓடி வந்த ஆள் மாதிரி புஸ் புஸ்ஸென்று ஆழமாக மூச்சு விட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "சத்தம்... சத்தம்..." என்று முனகியது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

மாஸ்டர் குனிந்து அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். இனிப்பு போலத் தொடங்கி மூக்கைக் குடையும் அந்த நெடி. தினமும் தன் தோளிலிருந்து வரும் அதே நெடி, குழந்தையின் மூச்சிலிருந்து வந்தது. ஆயிரம் சரக்கைச் சரியாகச் சொன்ன மூக்கு. ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண். கடைசித் தங்கை வயசுதான் இருக்கும். ஆனால் பேச்சில் ஒரு சொல்கூட வீணாகவில்லை. ஒரு பக்கம் நர்ஸ்கள் ஊசி குத்த நரம்பு தேட, அவர் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"குழந்தை எடை?"

"பதினொரு கிலோ முன்னூறு. போன மாசம் எங்க மாவுத் தராசுல நிறுத்தேன்."

"எப்பக் குடிச்சா?"

"பதினொண்ணு பத்துக்கு முன்னாடி." சொல்லும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேகால். அதில் அரை மணி நேரம் பன் உருட்டியது.

"எவ்வளவு குடிச்சிருப்பா?"

இதற்கு மாஸ்டருக்குப் பதில் தெரியும். பயத்திலும் தொழில் கைவிடவில்லை. "முப்பது மில்லி பாட்டில் டாக்டர். ஞாயித்துக்கிழம இருபத்தஞ்சு ஊத்தினேன். நாலு நாள் தேய்ச்சதுல பத்து போயிருக்கும். பதினஞ்சு இருந்திருக்கணும்." டாக்டர் பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊசிக் குழாயில் உறிஞ்சி அளந்தார். எட்டு. கவுனில் சிந்தியது இரண்டு என்று வைத்தாலும்...

"அஞ்சு மில்லி" என்றார் மாஸ்டர். சொன்னதும் அவருக்கு உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. முகம்கூடத் தெளிந்தது. "ஒரு டீஸ்பூன்தான் டாக்டர்!"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "தான்னு சொல்லாதீங்க."

மாஸ்டருக்குப் புரியவில்லை.

"இது தோல்ல தேய்க்கிறதுக்காக அவ்வளவு கெட்டியாச் செஞ்ச மருந்து. இந்த மாதிரித் தைலத்துல ஒரு டீஸ்பூன் வயித்துக்குள்ள போனா, பெரியவங்க போடுற வலி மாத்திரைய பத்துக்கு மேல ஒரே வாய்ல முழுங்கின மாதிரி. அதுவும் எண்ணெயா இருக்கிறதால சட்டுன்னு ரத்தத்துல ஏறிடும். பதினொரு கிலோ குழந்தைக்கு இது உயிர் போற அளவு."

உயிர் போற அளவு. ஒரு டீஸ்பூன் சோடா கூடிப்போனது என்று ஒரு முழுத் தட்டுக் கேக்கைக் குப்பையில் கொட்டியவர் மாஸ்டர். ஒரு டீஸ்பூன் என்றால் என்ன என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அந்த எண்ணெய்க்கு மட்டும் அவரிடம் அளவே இருந்ததில்லை. தோளில் தேய்க்கிற சாமான், வெளி மருந்து, அது யாரை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் கை ஒரு தடவை வெட்டியது. பிறகு கால். கண் மேலே செருகிக்கொண்டது. "வெளிய போங்க" என்று யாரோ அவரையும் மனைவியையும் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே ஒரு நீளமான பெஞ்சு. மனைவி ஒரு முனையில், அவர் மறு முனையில். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். அவள் அழவில்லை. கத்தவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் சிரிச்சேங்க" என்றாள். "அவ மூஞ்சியச் சுளிச்சதப் பாத்து நான் சிரிச்சேன். போட்டோகூட எடுத்தேன்."

அவள் நீட்டிய போனில் சுண்டெலி நின்றது. மூக்கு சுருங்கி, உதடு கோணி, கண்ணில் நீர் முட்டி. கையில் பாட்டில். பாட்டிலில் சிவப்பாக ஒரு பழம். அதை வரைந்தவர் நன்றாகத்தான் வரைந்திருந்தார்.

சாயங்காலம் வேன்காரரும் கிரீம் அக்காவும் வீட்டுப் பரணிலிருந்த பெரிய பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும் என்றாராம். டாக்டரிடம் கொடுக்கும் முன் மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தேய்த்த மருந்து. ஒரு நாளும் படித்ததில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. இன்ன எண்ணெய் பாதிக்கு மேல். உட்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். மூடியின் தலையில், பிளாஸ்டிக்கிலேயே குடைந்து, குழந்தை திறக்க முடியாத மூடி என்று போட்டிருந்தது.

எந்த மடையன் செய்த மூடி என்று அவர் கேட்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான், இவருடைய மகளைப் பார்த்தே இராதவன், அவளுக்காக யோசித்து யோசித்துச் செய்த மூடி அது. அதை அவர் தன் கையாலேயே கழற்றிப் போட்டுவிட்டார். கிரீம் அக்கா அவர் கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கிக்கொண்டாள். பேக்கரியில் அவரை ஓட ஓட விரட்டும் வாய் அவளுக்கு. அன்றைக்குப் போகும்போது, "எல்லார் வீட்லயும் இருக்கு மாஸ்டர். என் வீட்டுல தலகாணிக்கு அடியில இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

ரத்தத்தில் விஷம் ஏறிக்கொண்டே போனது. இறங்குவதற்கு மருந்து ஏற்றினார்கள், போதவில்லை. ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷினில் போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மாஸ்டர் போட்டார். குழந்தையின் கழுத்தோரம் ஒரு குழாய் போனது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் மெஷின்தான் பெரிதாகத் தெரிந்தது. படுக்கையில் ஏதோ துணி சுருட்டி வைத்த மாதிரி ஒரு மேடு.

"பிழைப்பாளா டாக்டர்?" என்று கேட்க அவருக்கு மறுநாள்தான் தைரியம் வந்தது.

"அளவு இறங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும். இன்னும் அரை மணி நேரம் தாமதமா வந்திருந்தா நீங்க இந்தக் கேள்வியக் கேக்க வேண்டியதே இருந்திருக்காது."

அரை மணி நேரம். அவர் கையில் இருந்து போனது சரியாக அவ்வளவுதான். நாற்பது பன்.

இனி அந்த மனுஷரைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அந்த மூன்று நாளில் அவர் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. தோள் இறுகி, வலது கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். வெளியே வந்தும் கழுவினார். தோளையும் கழுத்தையும்கூடக் கழுவினார். தன் மேல் அந்த வாசனை ஒரு இழைகூட இருக்கக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோயிற்று.

நான்காம் நாள் காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். அபாயம் தாண்டியாயிற்று என்று டாக்டர் சொன்னதும் மனைவி முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். உள்ளே போனார்கள். சுண்டெலி கண்ணைத் திறந்து படுத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தில் கட்டு. அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. தலையணையைச் சரிசெய்யப்போன மாஸ்டர் கை எழும்பாமல் பல்லைக் கடித்தார்.

"என்ன சார், தோள் வலியா?" என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸ். "தைலம் ஏதாச்சும் தேய்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், வழக்கமாக எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை. அந்தச் சங்கடத்தை மூடி மறைக்கச் சட்டென்று குழந்தையின் பக்கம் குனிந்தார்.

"ஏன் பாப்பா, அது உறைப்பா இருந்திருக்குமே? ஏன் குடிச்சே? ஸ்ட்ராபெரின்னு நெனச்சியா?"

சுண்டெலி இல்லை என்று தலையாட்டியது. தொண்டை வறண்டு, குரல் காற்றாக வந்தது.

"அப்பா வாசன."

நர்ஸுக்குப் புரியவில்லை. "என்னடா கண்ணு?"

"அப்பா வீட்டுக்கு வந்தா வாசன" என்றது அது, இவ்வளவு எளிய விஷயம் இவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது போல. பிறகு ஊசி ஒட்டிய கையால் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவர் குனிந்தார். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய வலது தோளில் மூக்கை வைத்து, நீளமாக உள்ளே இழுத்துப் பார்த்தது. ஆஸ்பத்திரி சோப்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தது.

"அப்பா இன்னும் வரல?" என்று அம்மாவிடம் கேட்டது.